சோகப் பாட்டு கேட்டா மனசு கெட்டுப் போயிடுமா? ஒரு பழைய ராக் ஆல்பமும் ஒரு அரசு டாக்டரும்

போன மாதம் ஓபியில் நடந்தது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

காலேஜ் முதல் வருடம் படிக்கும் பையன். கூட அம்மா. ஓபி சீட்டில் "வயிற்று வலி" என்று இருந்தது. படுக்க வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அம்மா ஆரம்பித்தார்.

"வயித்து வலியெல்லாம் கெடக்கட்டும் சார். ராத்திரி பூரா காதுல மாட்டிக்கிட்டு ஒரே அழுகாச்சிப் பாட்டா கேக்குறான். அதுலதான் இப்படி ஆயிட்டான். நீங்க சொன்னா கேப்பான். இனிமே அந்தப் பாட்டெல்லாம் கேக்கக் கூடாதுன்னு சீட்டுலயே எழுதிக் குடுத்துருங்க."

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வரிசையில் இன்னும் எண்பது பேராவது நிற்கிறார்கள். "தம்பி, அம்மா சொல்றதக் கேளு. நல்ல ஜாலியான பாட்டா கேளு" என்று சொல்லி, வயிற்றுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மாவும் சந்தோஷமாகப் போவார்.

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

ஆனால் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீயைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

எப்போதும் சர்க்கரை, பிரஷர், நாய்க்கடி என்று எழுதும் ஆள் இன்று ஒரு இங்கிலீஷ் ராக் ஆல்பத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பயப்பட வேண்டாம். கடைசியில் மருத்துவமும் வரும்.

ஆல்பத்தின் பெயர் "ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்". 1992 அக்டோபரில் வந்தது. குழுவின் பெயர் ஆர்.ஈ.எம்.

எம்பிபிஎஸ் படித்த யாருக்கும் ஆர்.ஈ.எம். என்றால் கனவு வரும் தூக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக ஓடும் அந்த நிலை. ஃபிசியாலஜி வைவாவில் அதைச் சொல்லாமல் விழித்தவன் நான். இவர்களோ டிக்‌ஷனரியைப் புரட்டி, கண்ணில் பட்ட பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு யுனிவர்சிட்டி ஊர். அங்கே 1980ல் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு. பாடுபவர் மைக்கேல் ஸ்டைப். கிடார் பீட்டர் பக். பேஸ் கிடாரும் பியானோவும் மைக் மில்ஸ். டிரம்ஸ் பில் பெர்ரி.

இந்த நான்கு பேரில் பில் பெர்ரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவரிடம் ஒரு மருத்துவ வேலை இருக்கிறது.

1991ல் "அவுட் ஆஃப் டைம்" என்ற ஆல்பத்தால் இவர்கள் உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். அதில் "லூசிங் மை ரிலிஜன்" என்று ஒரு பாட்டு. நீங்களே எங்காவது கேட்டிருப்பீர்கள். ஒரு ராக் குழு தன் மிகப் பெரிய ஹிட்டை மாண்டலின் வைத்துக் கொடுத்தது. அமெரிக்க கிராமத்து வீட்டுத் திண்ணைகளில் வாசிக்கும் வாத்தியம் அது.

அடுத்து என்ன செய்வார்கள்? வேகமாக, சத்தமாக ஒரு ராக் ஆல்பம் போட வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். பாடகர் இல்லாமல் மற்ற மூன்று பேரும் உட்கார்ந்து மெட்டுப் போட ஆரம்பித்தார்கள். பழக்கமான வாத்தியத்தை விட்டுவிட்டு ஆளுக்கு ஆள் மாற்றி வாசித்தார்கள். கிடார்காரர் மாண்டலினை எடுத்தார், டிரம்ஸ்காரர் பேஸை எடுத்தார், பேஸ்காரர் பியானோவில் உட்கார்ந்தார்.

வந்தது வேறு ஒன்று. மெதுவான, இருட்டான, மழை பெய்து நின்ற வீடு மாதிரி ஒரு ஆல்பம். பன்னிரண்டு பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

என்ன விஷயத்தைப் பாடினார்கள் தெரியுமா?

சாவு. வயதாவது. பெற்றோரை அடக்கம் செய்வது. செத்துப்போன நடிகர்கள். திரும்பி வராத சின்ன வயது.

அந்த ஆல்பம் வந்தபோது நான்கு பேருக்கும் வயது 32 முதல் 35க்குள். அதாவது இப்போது எனக்கு இருக்கும் வயது. முப்பதைத் தாண்டும்போது ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு உண்மை புரிகிறது: அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அடுத்த வரிசையில் நாம்தான். அந்த உண்மை புரிந்தவர்கள் போட்ட பாட்டு இது. அதனால்தான் இருபதில் கேட்டபோது "என்னடா இது, இவ்ளோ ஸ்லோ" என்று தோன்றிய ஆல்பம் இன்று என்னை விடமாட்டேன் என்கிறது.

இப்போது என் கதை.

ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம். ஹாஸ்டலில் ஒரு சீனியர் தன் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். நோட்ஸ், பழைய கொஸ்டின் பேப்பர், நான்கு படம், அதோடு இந்த ஆல்பம்.

மெடிசின் வார்டில் நைட் டூட்டி. ஒரு தாத்தா. நாற்பது வருடம் பீடி. நுரையீரல் முழுக்கப் போய்விட்டது. சிஓபிடி என்று நாங்கள் சொல்வோம். அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக அட்மிஷன். முகத்தில் இறுக்கமாகக் கட்டிய மாஸ்க், அதில் மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். கையைக் காட்டிக் கூப்பிட்டார். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கிச் சொன்னார்:

"போதும் தம்பி. இத கழட்டிரு. இனிமே முடியல."

நான் என்ன செய்தேன்?

மாஸ்க்கைத் திரும்ப மாட்டினேன். ஆக்சிஜன் எவ்வளவு போகிறது என்று பார்த்தேன். விரலில் மாட்டியிருந்த கிளிப்பைச் சரி செய்தேன். பிறகு, "சரியாயிடும் தாத்தா, தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன்.

சரியாகாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடியற்காலை இறந்து போனார். கேஸ் ஷீட்டில் நான் எழுதியதில் ஒரு பிழையும் கிடையாது. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த "சரியாயிடும்" மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

அந்த வாரம் ஹாஸ்டல் ரூமில் படுத்துக்கொண்டு இந்த ஆல்பத்தை ஓட விட்டேன். இரண்டாவது பாட்டு, "ட்ரை நாட் டு ப்ரீத்".

வயதான ஒருவர் பேசுகிற மாதிரி எழுதிய பாட்டு. வாழ்ந்தாகிவிட்டது, பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது, இனி யாருக்கும் பாரமாக இருக்க வேண்டாம் என்கிற மனநிலை. அதில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. தன்னை இவர்கள் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்ற ஒரு கவலை மட்டும் இருக்கிறது. அடியில் கிடார் தாலாட்டு மாதிரி ஆடிக்கொண்டே போகிறது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாத்தா பேச வந்ததை நான் பேச விடவில்லை. அமெரிக்காவில் முப்பத்திரண்டு வயசு ஆள் ஒருத்தர் ஒரு கிழவர் சொல்ல வருவதை நான்கு நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார். வெள்ளைக் கோட்டு போட்ட எனக்கு அந்த நான்கு நிமிடம் இல்லை.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாஸ்க்கைக் கழட்டியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஹவுஸ் சர்ஜன் தனியாக எடுக்கிற முடிவு அல்ல அது. சீனியரைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் மகனை வரச் சொல்லியிருக்கலாம். மூச்சுத் திணறலின் அந்த பயங்கரத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது, கேட்டிருக்கலாம். எதுவும் முடியாவிட்டால் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன தாத்தா பண்ணுது, சொல்லுங்க" என்று கேட்டிருக்கலாம்.

இதற்குப் பெயர்தான் பாலியேட்டிவ் கேர், அதாவது வலி தணிப்பு சிகிச்சை. "இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்று கைவிடுவது அல்ல அது. நோயைக் குணப்படுத்த முடியாத இடத்திலும் வலியையும் மூச்சுத் திணறலையும் பயத்தையும் குறைப்பது. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் வலி தணிப்பு சிகிச்சையும் ஒரு பகுதி. உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

எல்லாரும் அறிந்த பாட்டு நான்காவது. "எவ்ரிபடி ஹர்ட்ஸ்".

இதன் மூல மெட்டைக் கொண்டு வந்தவர் நம்ம பில் பெர்ரி. வேடிக்கை என்னவென்றால், டிரம்ஸ்காரர் கொண்டு வந்த பாட்டில் நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரு பழைய டிரம் மெஷின். டக், டக், டக் என்று உணர்ச்சியே இல்லாமல் ஓடும். வார்டில் பெட் பக்கத்தில் ஓடும் மானிட்டர் சத்தம் மாதிரியே எனக்குக் கேட்கும். அந்த மெஷினுக்கு மேலே ஒரு கிடார், அதற்கு மேலே ஒரு மனிதக் குரல். போகப் போக வயலின் கூட்டம் வந்து சேரும்.

அந்த வயலின்களை யார் எழுதியது தெரியுமா? ஜான் பால் ஜோன்ஸ். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம் போட்ட லெட் செப்பலின் குழுவின் பேஸ் கிடார்காரர். இந்த ஆல்பத்தில் நான்கு பாட்டுக்கு அவர் செய்திருக்கும் வேலை அவ்வளவு அடக்கம். பாட்டை அழ வைக்க முயற்சி செய்யாமல், விழாமல் தோளில் கை கொடுக்கிறது.

வார்த்தைகளும் அப்படித்தான். ஸ்டைப் பொதுவாகப் புரியாமல் எழுதுகிறவர் என்று பெயர் எடுத்தவர். இந்தப் பாட்டில் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதினார். வேண்டுமென்றேதான். மனசு உடைந்து போன ஒரு டீனேஜ் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. "ரொம்ப நேரடியா இருக்கே, இதுல என்ன இலக்கியம்" என்று.

நான் டாக்டராகச் சொல்கிறேன். தண்ணீரில் தத்தளிக்கிறவனுக்கு உவமை வேண்டாம், கயிறு வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பாட்டு "சரியாயிடும்" என்று சொல்வதில்லை. உனக்கு வலிக்கிறது, எல்லாருக்கும் ஒரு நாள் வலிக்கும், நீ தனியாள் இல்லை, கொஞ்சம் பொறுத்திரு. அதன் சாரம் இவ்வளவுதான். பொய் வாக்குறுதி ஒன்றும் இல்லை. நான் அந்தத் தாத்தாவிடம் சொல்லத் தெரியாமல் போனது இதைத்தான்.

1995ல் பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, உதவி கேட்டு வரத் தயங்கும் இளைஞர்களுக்காக ஒரு விளம்பரம் செய்தது. இந்தப் பாட்டின் வார்த்தைகளை அச்சடித்து, அதோடு தங்கள் போன் நம்பரைப் போட்டார்கள். படம், அறிவுரை எதுவும் இல்லை.

பாட்டு ஒரு பக்கம், போன் நம்பர் ஒரு பக்கம். இந்த இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த இழையின் மொத்தக் கருத்தே. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆல்பம் முழுக்க இருட்டுதானா? இல்லை. மூன்றாவது பாட்டில் ஸ்டைப் ஒரு வார்த்தையைச் சரியாக உச்சரிக்க முடியாமல் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். சாவு வீட்டில் பத்தாவது மணி நேரத்தில் யாரோ ஒருவர் செத்தவரைப் பற்றி ஒரு பழைய கதையைச் சொல்ல, எல்லாரும் சிரித்துவிடுவோமே, அந்த மாதிரி.

"மேன் ஆன் தி மூன்" என்று ஒரு பாட்டு. ஆண்டி காஃப்மன் என்ற நகைச்சுவைக் கலைஞரைப் பற்றியது. 1984ல் 35 வயதில் நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். அவர் விளையாட்டுக்கு எதை வேண்டுமானாலும் செய்கிற ஆள் என்பதால், அவர் இறந்ததையே பலர் நம்பவில்லை, இதுவும் ஒரு குறும்பு என்று நினைத்தார்கள். அந்தச் சாவைப் பற்றிய பாட்டு தோளைக் குலுக்கி ஆட வைக்கிறது. பின்னால் 1999ல் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது இந்தப் பாட்டின் பெயரையே படத்துக்கும் வைத்தார்கள்.

"ஸ்வீட்னெஸ் ஃபாலோஸ்" பெற்றோரைப் புதைத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளைப் பற்றியது. அடியில் செல்லோ உறுமும், நடுவில் கிடார் கிறீச்சிடும். சொத்துச் சண்டையில் பேச்சு வார்த்தை நின்று போன அண்ணன் தம்பிகளை மார்ச்சுவரி வாசலில் பார்த்திருக்கிறேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். பாடி வெளியே வந்ததும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வார்கள். இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அந்த வாசல்தான் ஞாபகத்துக்கு வரும்.

கடைசிக்கு முந்தின பாட்டு "நைட்ஸ்விம்மிங்". டிரம்ஸ் கிடையாது. மில்ஸின் பியானோ ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சின்ன வயதில் ராத்திரியில் குளத்தில் குதித்த நாட்களை ஒருவர் நினைத்துப் பார்க்கிறார். கடைசியில் ஒரு ஓபோ வரும், நம் நாதஸ்வரத்தின் தூரத்துச் சொந்தம். அதோடு முடிந்துவிடும்.

2021 மே. கொரோனா இரண்டாவது அலை. அப்போது பணியில் இருந்த யாரும் அந்த மாதத்தை மறக்க முடியாது. பிபிஈ கிட்டைக் கழட்டிவிட்டு பைக்கை எடுக்கப் போவேன், சாவியைப் போடத் தோன்றாது. பத்து நிமிடம் அப்படியே நிற்பேன். அழுகையும் வராது. அதுதான் பயமாக இருந்தது.

ஒரு நாள் விடிகாலை பார்க்கிங்கில் நின்றுகொண்டு இந்தப் பாட்டைக் கேட்டேன். அழுதேன். நிறைய நேரம்.

அழுது முடித்ததும் ஒரு காரியம் செய்தேன். எங்கள் சைக்கியாட்ரி நண்பருக்கு மெசேஜ் போட்டேன்: "கொஞ்சம் பேசணும், எனக்காக." அவரோடு பேசினேன். பிறகு முறையாகப் போய்ப் பார்த்தேன். சில மாதம் மருந்தும் எடுத்தேன். டாக்டர் ஒருவர் இதை வெளியில் சொல்வது எங்கள் வட்டாரத்தில் கௌரவக் குறைச்சல். சொல்கிறேன். சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பாட்டு என்னைக் குணப்படுத்தவில்லை. பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தது. உள்ளே போய் வைத்தியம் பார்த்தது வேறு ஆள்.

இதைப் பிரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. ஸ்டைப்புக்கு நண்பர். அவரை அந்த இருட்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்று, சேர்ந்து வேலை செய்யலாம் வா என ஸ்டைப் விமான டிக்கெட் வரை அனுப்பியிருக்கிறார். அவர் போகவில்லை. அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் ஆல்பம் எது தெரியுமா? இதே "ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்".

"பாத்தீங்களா சார், நான் சொல்லல?" என்று அந்த அம்மா இப்போது கேட்கலாம்.

நியாயமான கேள்வி. என் பதில் இது: பாட்டு அவரைக் கொல்லவில்லை. பாட்டு அவரைக் காப்பாற்றவும் இல்லை. தீவிர மன நோயும் போதைப் பழக்கமும் சேர்ந்தால் அதற்கு சிகிச்சையும் கண்காணிப்பும் வேண்டும். ஆல்பம் அந்த வேலையைச் செய்யாது. காய்ச்சல் வந்தவன் போர்வையைப் போர்த்திக்கொள்கிறான். போர்வையால் காய்ச்சல் வந்தது என்று போர்வையைப் பிடுங்கினால் எப்படி? அதே சமயம் போர்வை மட்டும் போதும் என்று விட்டுவிட்டாலும் தப்புதான்.

நாம் செய்கிற தப்பு போர்வையைப் பிடுங்குவது. நம் பாட்டிகள் ஒப்பாரி வைத்த ஊர் இது. சாவு விழுந்த வீட்டில் "அழுது தீத்துடு" என்று சொன்னவர்கள். அவர்கள் பேரன் பேத்திகளாகிய நாம் இப்போது "பாசிட்டிவா இரு" என்று ஸ்டேட்டஸ் போடுகிறோம், பிள்ளை காதில் இருந்து ஹெட்போனைப் பிடுங்குகிறோம்.

பிள்ளை சோகப் பாட்டு கேட்டால் பயப்படாதீர்கள். எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சொல்கிறேன்:

- இரண்டு வாரத்துக்கு மேல் மனசு கனமாகவே இருப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது
- தூக்கமும் சாப்பாடும் மாறிப்போவது
- நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது, படிப்பில் திடீர்ச் சரிவு
- காரணம் தெரியாத வயிற்று வலி, தலைவலி என்று திரும்பத் திரும்ப வருவது
- "நான் இல்லன்னா உங்களுக்கு நல்லது" மாதிரி பேச்சு, ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது

இதில் கடைசி வரி இருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால் அதை இறக்கி வைக்க ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும்.

இப்போது பில் பெர்ரி.

1995 மார்ச் 1. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் கச்சேரி. மேடையிலேயே அவருக்குக் கடுமையான தலைவலி, சரிந்துவிட்டார். மூளை ரத்தக்குழாயில் அனியூரிசம். அதாவது ரத்தக்குழாய்ச் சுவர் ஓரிடத்தில் பலூன் மாதிரி புடைத்து நிற்பது. அது வெடித்தால் நிமிடங்கள் முக்கியம். அங்கேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்தார். மே மாதம் திரும்ப வந்து டிரம்ஸ் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 36.

மக்களே, இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். வாழ்க்கையில் இதுவரை வராத மாதிரி, இடி விழுந்தது போல, சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் தலைவலி வந்தால் கைவைத்தியம் பார்க்காதீர்கள், தைலம் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். சிடி ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள்.

1997ல் பெர்ரி குழுவை விட்டு விலகி விவசாயம் பார்க்கப் போனார். மற்ற மூவரும் 2011ல் சண்டை சச்சரவு இல்லாமல் குழுவை முடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். இந்த ஆல்பம் வந்தபோது இவர்கள் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகவில்லை. ஸ்டைப் ஒல்லியாக இருந்தார். பாட்டெல்லாம் சாவைப் பற்றி. உடனே "அவருக்கு எய்ட்ஸ்" என்று வதந்தி. அவருக்கு அப்படி எதுவும் இல்லை. சாவைப் பற்றி ஒருவன் பேசினால் அவன் சாகப் போகிறான் என்று முடிவு கட்டும் புத்தி எல்லா ஊரிலும் இருக்கிறது போல.

கடைசியாக ஆல்பத்தின் பெயர்.

ஏதென்ஸ் ஊரில் வீவர் டீஸ் என்று ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. பொரித்த கோழியும் காய்கறியும் கிடைக்கும். முதலாளி டெக்ஸ்டர் வீவர், யார் என்ன கேட்டாலும் "ஆட்டோமேட்டிக்!" என்பார். "இதோ ரெடி" என்று அர்த்தம். கடைப் பலகையிலும் அதையே எழுதி வைத்திருந்தார்: ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள். அவரிடம் கேட்டுத்தான் பெயரை எடுத்துக்கொண்டார்கள். கோடிக்கும் மேல் விற்ற ஒரு ஆல்பத்தின் பெயர் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையிலிருந்து வந்தது.

மக்களுக்கு, கேட்டதும், இதோ ரெடி. அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டி வாசலில் எழுதி வைக்க இதைவிட நல்ல வாசகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் எங்களிடம் "சரியாயிடும்" என்ற பதில்தான் ஆட்டோமேட்டிக்காக வருகிறது. அதை மாற்றிக்கொள்ளத்தான் இத்தனை வருடமாக முயற்சி செய்கிறேன். எண்பது பேர் வரிசையில் நிற்கும்போது எல்லா நாளும் முடிவதில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு?

அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். "என்ன பாட்டு தம்பி கேக்குற?" என்று கேட்டேன். போனை நீட்டினான். எனக்குத் தெரிந்த பாட்டு இரண்டு, தெரியாதது பத்து. நன்றாக இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகுதான் பேசினான். வயிற்று வலியின் காரணம் வயிற்றில் இல்லை. மேலே சொன்ன பட்டியலில் நான்கு வரி அவனிடம் இருந்தது. நேரடியாகவும் கேட்டேன். ஐந்தாவது வரி இல்லை. அன்றைக்கே மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன்.

அம்மாவிடம் சீட்டில் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. வாயால் சொன்னேன்: "போனைப் புடுங்காதீங்கம்மா. பக்கத்துல உக்காந்து, ஒரு காதுல நீங்களும் மாட்டிக்கிட்டு கேளுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்திருந்தார்கள். பையன் கொஞ்சம் தேறியிருக்கிறான், முழுசா இல்லை. மருந்து போகிறது, கவுன்சலிங் போகிறது. இன்னும் மாதங்கள் ஆகும். அம்மாவிடம் கேட்டேன், பாட்டு கேட்டீங்களா என்று.

"கேட்டேன் சார். ஒரு எழவும் புரியல. ஆனா அவன் எந்திரிச்சுப் போகல."

நீங்களும் ஒரு நாள் ராத்திரி இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுப் பாருங்கள். கடைசிப் பாட்டு "ஃபைண்ட் தி ரிவர்". அதில் பின்னால் வரும் இரண்டு குரல்கள் மில்ஸும் பெர்ரியும். ஒருவர் பாடியதை மற்றவர் கேட்காமலேயே தனித்தனியாகப் பாடி, பிறகு சேர்த்தார்கள். கேட்டால் நம்ப மாட்டீர்கள், அப்படிப் பொருந்தியிருக்கும்.

கேட்ட பிறகும் மனசு கனமாகவே இருந்தால், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில் இருந்தால், போனை எடுங்கள்:

டெலி மானஸ்: 14416 (24 மணி நேரமும், தமிழில் பேசலாம், இலவசம்)
தமிழ்நாடு சுகாதார உதவி எண்: 104

யாராவது ஒருவருக்குப் பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள். இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை உள்ள அம்மா அப்பாக்களுக்கு அவசியம் அனுப்புங்கள்.

நாளைக்கு வழக்கம் போல சர்க்கரையைப் பற்றிப் பேசலாம்.